சத்தம் எந்த வழியாக வருகிறது? வீட்டு இரைச்சலுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

எங்கள் வீட்டுப் பரணில் ரொம்ப நாள் ஒரு கோணிப்பை நிறைய கறுப்பு ஃபோம் கிடந்தது. முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்குமே, அதுதான். சாலைச் சத்தம் தாங்காமல், கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கிப் படுக்கையறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். ஒட்டி முடித்த இரவு, அறைக்குள் பேசினால் ரேடியோ ஸ்டுடியோவில் பேசுவது போல இருந்தது. பஸ் மட்டும் முன்பு எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டது. அறைக்குள் பிறந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவதுதான் ஃபோமின் வேலை. வெளியிலிருந்து வருவதை மறிக்க அதற்குக் கனம் கிடையாது. கொசுவலையை வைத்து மழையைத் தடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து "சத்தம் தாங்கவில்லை" என்று யார் வந்து சொன்னாலும், எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்த வழியாக என்று கேட்கிறேன். இடுக்கில் காற்றோடு நுழைகிறதா, சுவரையும் ஸ்லாபையும் அதிரவைத்துக்கொண்டு வருகிறதா, இல்லை அறைக்குள்ளேயே பிறந்து அங்கேயே சுற்றுகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. மாற்றிப் போட்டால் காசு போகும், சத்தம் இருக்கும்.

எதற்கும் முன்னால்: போனில் அளந்து வையுங்கள்

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு ஒலியளவி ஆப்பை இலவசமாகத் தருகிறது. ஆய்வகச் சோதனையில் அதன் பிழை 2 டெசிபலுக்குள் இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் மைக் ஒவ்வொன்றும் ஒரு ரகம் என்பதால் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே போன், அதே இடம், அதே நேரம் என்று வைத்துக்கொண்டால், வேலைக்கு முன்பும் பின்பும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். நமக்கு வேண்டியது அதுதான்.

திரையில் குதித்துக்கொண்டே இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். எல்இக்யூ என்று ஒன்று காட்டும். அளந்த நேரம் முழுவதற்குமான ஆற்றல் சராசரி. பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் ஏ, சி என்று இரண்டு எடையிடும் முறைகள் இருந்தால் இரண்டிலும் ஒருமுறை அளவெடுங்கள். ஏ முறை நம் காது மாதிரி, தாழ்ந்த உறுமலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. சி முறை அதையும் கணக்கில் சேர்க்கும். சி அளவு ஏ அளவைவிட 15, 20 டெசிபல் கூடுதலாக இருந்தால், உங்கள் எதிரி தாழ்ந்த அதிர்வெண் உறுமல். திரைச்சீலையும் சாதாரணக் கண்ணாடியும் அதனிடம் எடுபடாது.

டெசிபல் கணக்கு மளிகைக் கணக்கு மாதிரி ஓடாது. 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். ஆனால் காதுக்கு லேசாகத்தான் தெரியும். "பாதி சத்தம் குறைஞ்சிடுச்சு" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் இறங்கியாக வேண்டும். விற்க வருபவரிடம் எத்தனை டெசிபல் என்று கேட்டுவிட்டு இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எந்த அளவு வரை சரி? நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இது பகுதிக்கான அளவு, கட்டிலுக்கு அல்ல. படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. சென்னையில் ஃபேனைப் போட்டாலே அதைத் தாண்டிவிடும், அதனால் 30ஐப் பிடித்துக்கொண்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜன்னலைச் சாத்தியும் பஸ் வீட்டுக்குள் ஓடுகிறது

முதல் சோதனைக்கு ஒரு ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, விளிம்பு ஓரமாக ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. காற்று புகும் இடத்தில் சத்தமும் புகும்.

இடுக்கு எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ள ஸ்லைடிங் ஜன்னல். சுற்றளவு 5.4 மீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஓட்டையின் பரப்பு 162 சதுர சென்டிமீட்டர். ஜன்னலின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கில் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அதனால் விலை உயர்ந்த கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் இடுக்கை அடையுங்கள். பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் சிலிக்கான், கதவுகள் மோதும் இடத்தில் ரப்பர் பட்டை. ஸ்லைடிங் ஜன்னலில் உள்ள புருசு மாதிரியான நூல் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டையைப் பாருங்கள். பல வீடுகளில் அது செய்தித்தாளாலோ தெர்மோகோலாலோ அடைத்துக் கிடக்கும். பழைய வீடு என்றால் ஜன்னலுக்கு மேலே சிமெண்ட் ஜாலி இருக்கும். அது திறந்திருக்கும்வரை மற்றதெல்லாம் வீண்.

இடுக்கை அடைத்தும் போதவில்லை என்றால் அப்புறம் கண்ணாடி. 6 மில்லிமீட்டர் தனிக் கண்ணாடிக்கு 2000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2000 அதிர்வு, பக்கத்தில் ஒரு பலவீனம் உண்டு. அந்த அதிர்வெண்ணில் கண்ணாடியே ஒத்து அதிர்ந்து ஒலியைக் கடத்திவிடும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அந்த அதிர்வை மட்டுப்படுத்தும். இரட்டைக் கண்ணாடி என்று சொல்லி நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று விட்டுத் தருகிறார்களே, அது வெயிலுக்கு நல்லது, பஸ்ஸின் உறுமலுக்கு அவ்வளவு இல்லை. இரண்டு கண்ணாடியும் நடுவில் உள்ள காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி ஆடி, சுமார் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வழிவிட்டுவிடும். அதைவிட, இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டு, சுவரின் உள் விளிம்பில் இன்னொரு ஜன்னல் வைத்து நடுவில் 100 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது மேல். நம் ஒன்பது அங்குலச் சுவரில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கும். கார்பென்டர் "இதெல்லாம் தேவையா சார்?" என்று கேட்பார். தேவை.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் காற்றுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. நாங்கள் இரவில் மட்டும் உள் ஜன்னலைச் சாத்துகிறோம், சாலைக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்கிறோம்.

மரம் நட்டால் சத்தம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: ஒற்றை வரிசை மரத்தால் அளவில் ஒன்றும் குறையாது. சாலை கண்ணில் படாமல் போவதால் மனசுக்குக் குறைந்தது போல இருக்கும். அதற்காகவே நடலாம்.

மேல்வீட்டில் யாரோ எப்போதும் எதையோ இழுக்கிறார்கள்

நாற்காலி இழுபடுவது, பூண்டு இடிப்பது, குழந்தை ஓடுவது. மேல்வீட்டு டிவி கேட்காது, ஆனால் நாற்காலி தெளிவாகக் கேட்கும். இதுதான் அடையாளம். கான்கிரீட் ஸ்லாப் கனமானது என்பதால் பேச்சை நன்றாகத் தடுக்கும். நேராக அதன்மேல் தட்டினால் மத்தளம் மாதிரி முழுதாகக் கடத்தும். ஸ்லாபில் ஏறிய அதிர்வு சுவர் வழியாகவும் இறங்கும்.

அதனால்தான் ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் ஏமாறுகிறார்கள். ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு மாதிரியான பாறை இழைப் பஞ்சை வைத்து, ஸ்லாபைத் தொடாமல் ரப்பர் தொங்கலில் மாட்டினால் கொஞ்சம் குறையும். ஆனால் நான்கு சுவர் வழியாக வருவதை அது என்ன செய்யும்? வாடகை வீட்டில் இதற்குச் செலவு செய்யவே செய்யாதீர்கள்.

மருந்து மேல்வீட்டில் இருக்கிறது. நான் நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ் 24 வாங்கிக்கொண்டு மேலே போனேன். ஆறு நாற்காலிக்கு 24 கால். கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள் என்பதால் கையில் முறுக்கும் இருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாற்காலி காலுக்கு இதைப் போட்டுக்கிட்டீங்கன்னா டைல்ஸும் கீறாது."

"ஐயோ, கீழே அவ்வளவு கேக்குதா? சொல்லவே இல்லையே நீங்க!"

டைல்ஸ் கீறாது என்பதும் உண்மைதான், பொய் சொல்லவில்லை. இடிகல்லுக்குக் கீழே மடித்த கோணியோ தடிமனான ரப்பர் பாயோ போட்டால் அடுத்த பாதி தீரும். குழந்தை குதிகாலை ஊன்றி ஓடும் 'தொம் தொம்' மட்டும் எளிதில் போகாது. அது மிகத் தாழ்ந்த அதிர்வெண், மெல்லிய விரிப்புக்கு அடங்காது. அந்தக் குழந்தை வளரும்வரை காத்திருக்கிறோம்.

விடியற்காலை சுவரே உறுமுகிறது

ஐந்து மணிக்கு யாரோ மோட்டார் போடுகிறார்கள். மோட்டார் இருப்பது கீழே சம்ப் பக்கத்தில், நீங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே அளவு என்றால் ஒலி காற்றில் வரவில்லை, கட்டடத்தில் வருகிறது.

உறுதிப்படுத்த மெக்கானிக்குகள் செய்வதையே செய்யுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சுவர், குழாய், கிளாம்ப் என்று ஒவ்வொரு இடமாக வைத்தால் எது கொண்டுவருகிறது என்று தெரிந்துவிடும். மோட்டாரிலும் சுழலும் பாகத்திலும் வைக்க வேண்டாம், குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனில் அதிர்வெண் வரைபடம் காட்டும் ஆப் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு காலத்தில் இதற்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. வீட்டு மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்கு சுமார் 2880 சுற்று ஓடும், அதாவது நொடிக்கு 48. வரைபடத்தில் 48 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூம்பும் அதன் மடங்குகளில் இன்னும் சிலவும் எழுந்தால் மோட்டார்தான். 100 ஹெர்ட்ஸில் கூர்மையாக எழுந்தால் மின்சாரத்தின் உறுமல்; டிரான்ஸ்ஃபார்மர், சோக், ஸ்டெபிலைசர் என்று தேடுங்கள்.

தீர்வுக்கு மோட்டாரின் கீழே ரப்பர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிப்பட்ட ரப்பர் என்பதில்தான் சிக்கல். மோட்டாரை வைத்ததும் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். 48இல் மூன்றில் ஒரு பங்கு, போதுமானது. பழைய டயரை வெட்டி வைத்தால் அது அமுங்கவே அமுங்காது, வைத்ததும் ஒன்று வைக்காததும் ஒன்று. இன்னொரு தவறு, ரப்பரை வைத்துவிட்டு போல்ட்டை அதன் ஊடாக கான்கிரீட்டில் இறுக்கிவிடுவது. அதிர்வு ரப்பரைச் சுற்றிக்கொண்டு போல்ட் வழியாக இறங்கிவிடும். போல்ட்டுக்கும் ரப்பர் வாஷரும் ஸ்லீவும் வேண்டும்.

பிறகு குழாய். மோட்டாரிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு முழம் வளையும் ஹோஸ், சுவரில் பிடிக்கும் ஒவ்வொரு கிளாம்பிலும் ரப்பர் உறை. எங்கள் கட்டடத்தில் மோட்டாருக்கு ரப்பர் வைத்தும் குறையாமல், படிக்கட்டுச் சுவரில் ஒரே ஒரு இரும்புக் கிளாம்பைத் தளர்த்தியதும் உறுமல் சட்டென்று இறங்கியது. இரண்டு வாரம் மோட்டாரையே சுற்றி வந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மோட்டார் நிற்கும் நொடியில் மட்டும் 'டமார்' என்று குழாய் அடித்தால் அது வேறு நோய். மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி விழுந்து, தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வை அறைந்து சாத்துகிறது. ஸ்பிரிங் வைத்த வால்வாக மாற்றினால், தண்ணீர் திரும்புவதற்குள் அது மூடிக்கொள்ளும்.

ஒரு விசித்திரம். உறுமல் கட்டிலில் படுத்தால் பெரிதாகவும், அறை நடுவில் நின்றால் காணாமலும் போகிறதா? பிரமை இல்லை. மூன்றரை மீட்டர் நீள அறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை கச்சிதமாக அடங்கிவிடும். சுவரோரம் உச்சம், நடுவில் அமைதி. தலைமாட்டைச் சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள், காசு செலவில்லாத வைத்தியம்.

ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் இதே விதிகள்தான். பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால், ஸ்டாண்டின் கீழே ரப்பர் வைக்கச் சொல்லிக் கேட்பதோடு, அவர் ஸ்டாண்டை உங்கள் பொதுச் சுவரில் அடித்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கரண்ட் போனதும் ஃபேன் உறுமுகிறது

சுலபமான கேஸ். இன்வெர்ட்டரில் மட்டும் உறுமினால், அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டராக மாற்றும்போது நின்றுவிடும். கரண்ட் இருக்கும்போதும் உறுமி, முழு வேகத்தில் வைத்தால் நின்றால் குற்றவாளி ரெகுலேட்டர். வழவழவென்று திரும்பும் ரகம் மின் அலையை நறுக்கித் தருகிறது. டக் டக் என்று படிபடியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் வாங்கி மாட்டச் சொல்லுங்கள். எல்லா வேகத்திலும் கடகடத்தால் இறக்கை, ரப்பர் புஷ், மேல் கிண்ணத்தின் ஸ்க்ரூ. ரிமோட்டில் ஓடும், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ரக ஃபேன் என்றால் அதைச் சுவர் ரெகுலேட்டரில் கொடுக்கவே கூடாது.

ஹாலில் பேசுவது புரியவில்லை, டிவியை ஏற்றிக்கொண்டே போகிறோம்

ஹார்வர்டில் 1895இல் ஒரு விரிவுரை அறையில் பேசுவது புரியவில்லை என்று புகார். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். விடிவதற்குள் திருப்பி வைக்க வேண்டும். அந்த இரவுகளில் பிறந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் (பட்ட ஒலியை முழுதாக விழுங்கும் பரப்பாக மாற்றிக் கணக்கிட்டது) வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம்.

நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மீட்டருக்கு மூன்று, உயரம் மூன்று: 36 கன மீட்டர். தரையில் டைல்ஸ், சுவரில் பெயின்ட், சாமான் இல்லை. உறிஞ்சும் பரப்பு 2 சதுர மீட்டர்தான் தேறும். ஒலி அடங்க 2.9 நொடி. மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை, துணி சோபா, புத்தக அலமாரி, ஒரு ஜமக்காளம் என்று 12 சதுர மீட்டருக்கு ஏற்றினால் அரை நொடிக்கும் கீழே வந்துவிடும். அறைக்குள் பிறக்கும் சத்தத்தின் அளவும் சுமார் 8 டெசிபல் இறங்கும். மிக்சி ஓடும் சமையலறை ஹாலோடு திறந்திருக்கும் வீட்டில் இது பெரிய ஆறுதல். புது வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் எல்லோரும் கத்திப் பேசுவதற்குக் காரணமும் இதுதான்.

ஃபோமுக்கு வேலை இருப்பது இங்கே. முட்டை அட்டையை ஒட்டாதீர்கள், உறிஞ்சுவதும் கொஞ்சம், தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள்

முதலில் சவுண்ட் செட் தம்பியிடம் நேரில் போங்கள். "தம்பி, இந்த பாக்ஸை மட்டும் கொஞ்சம் ரோட்டுப் பக்கமா திருப்பி வைங்கப்பா, வீட்ல வயசானவங்க இருக்காங்க" என்றால் பெரும்பாலும் திருப்பி வைப்பார்கள். குழாய் ஒலி ஒரு திசையில்தான் பலமாகப் போகும், அதனால் திருப்புவதே பல டெசிபல் லாபம். பாக்ஸிலிருந்து வரும் தாழ்ந்த பேஸ் ஒலி மட்டும் எல்லாப் பக்கமும் பரவும், அதற்கு இது உதவாது.

பேச்சு எடுபடவில்லை என்றால் விதி. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10க்கு மேல் திறந்தவெளியில் கூடாது. பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75 டெசிபல், எது குறைவோ அதுதான் உச்சம். குடியிருப்பில் பகலில் 65 என்று வருகிறது. பகுதிக்கான அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஆகியோர் நடவடிக்கை எடுக்கலாம். ஜன்னலுக்கு வெளியே அளந்த எல்இக்யூ, நேரம், தேதி மூன்றும் எழுதி வைத்திருந்தால் பேச வசதி. போன் அளவு சட்டச் சான்று ஆகாது, ஆனால் "ரொம்ப சத்தம் சார்" என்பதைவிட எடுபடும்.

ஜெனரேட்டருக்கும் அளவு உண்டு. 2005க்குப் பிறகு தயாரித்த, 1000 கேவிஏ வரையிலான டீசல் செட்டுகள், அவற்றை மூடியிருக்கும் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அந்தப் பெட்டியின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சூடு தணிய என்பார்கள். கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.

ஊர் அளவில் நிலைமை மெல்லத்தான் மாறுகிறது. சென்னை உட்பட ஏழு நகரங்களில் 70 இடங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிகள் இரவு பகலாக அளக்கின்றன. பாரிஸில் நான்கு மைக் கொண்ட கருவியைக் கம்பத்தில் மாட்டி, எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்பதையும் படத்தில் காட்டுகிறார்கள். ஹார்ன் அடித்தது எந்த வண்டி என்று கைகாட்டும் கருவி நம் சிக்னலுக்கு வந்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

எல்லாம் சரிசெய்த பிறகு புதுச் சத்தம் கேட்கிறது

கேட்கும். சாலை இரைச்சல் இத்தனை நாள் மற்றதையெல்லாம் மூடி வைத்திருந்தது. அது இறங்கியதும் ஃபிரிட்ஜ், சுவர்க் கடிகாரம், பக்கத்து வீட்டு இருமல் எல்லாம் வெளியே வரும். பழுது ஒன்றுமில்லை. ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தால் அதன் சீரான காற்றொலி இவற்றை மூடும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கலாமா என்றால், பஸ் உறுமலுக்கும் விமானத்துக்கும் அது அருமை. எதிர் அலையை அனுப்பி அழிப்பதால் சீரான தாழ்ந்த ஒலியில்தான் அதன் திறமை. பக்கத்து வீட்டுப் பேச்சைப் பெரிதாக அழிக்காது.

எங்கள் வீட்டில் உள் ஜன்னல் போட்ட மறுநாள் விடியற்காலை நான்கரைக்குக் குயில் கூவுவது இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டது, தோட்டத்துப் பக்கத்து ஜன்னல் வழியாக. சித்திரை மாதம், விடாமல் கூவியது. மனைவி எழுந்து அந்த ஜன்னலையும் சாத்திவிட்டாள். பரணில் இருந்த ஃபோமை இறக்கி, துணி தைத்துப் போட்டு, ஹால் சுவரில் மாட்டியிருக்கிறோம். டிவி இப்போது பதினெட்டில் ஓடுகிறது, முன்பு முப்பது.